பொட்டி தட்டுறதை விட்டுட்டு ஜோக் சொல்லப் போறானாம்!

எங்க ஊர்ப் பக்கம் வெளிநாட்டில் இருந்து ஒருத்தர் வந்து இறங்கினால் முதல் கேள்வி, "எத்தனை நாள் லீவு?" ரெண்டாவது கேள்வி, "திரும்ப எப்ப கெளம்புறே?" இந்த ரெண்டுக்கும் தேதியோடு பதில் சொல்லிவிட்டால் மரியாதை. "இனிமே இங்கதாங்க" என்று சொன்னால் போச்சு. டீக்கடையில் பேச்சே மாறிவிடும். அங்கே ஏதோ தப்பு பண்ணிட்டானாம், வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாம், உடம்புக்கு முடியலையாம்... ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பார்கள். ஒருத்தன் தானாக ஆசைப்பட்டுத் திரும்பி வருவான் என்று மட்டும் யாருக்கும் தோணாது.

பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துக்கும் இது பொது. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்கள் நிறைய. எங்க செட்டு பசங்களுக்கு வழி கொஞ்சம் வேற. இஞ்சினியரிங், அப்புறம் சென்னை இல்லாவிட்டால் பெங்களூர், யோகம் இருந்தால் அமெரிக்கா. ரூட்டு வேறயாக இருந்தாலும் ஊர் கேட்கிற கேள்வி அதேதான்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்க அண்ணன். பெரியப்பா பையன். அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஒன்பது வருஷமாகப் பொட்டி தட்டுகிறார். மூணு மாசம் முன்னாடி வீட்டுக்கு போன் பண்ணி, "வேலையை விட்டுட்டு முழுநேரமா ஸ்டாண்ட்-அப் காமெடி பண்ணலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா ஒரே அழுகை. பெரியப்பா சிமென்ட் ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். மூணு நாள் யாரோடும் பேசவில்லை. நாலாவது நாள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சர்க்கஸ்ல சேரப் போறானாமா?"

அப்புறம் ரெண்டு பேருமாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ காலேஜ்ல மேடையேறி பேசுறவன். நீ சொன்னா அவன் கேப்பான். எடுத்துச் சொல்லுடா."

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நான் இஞ்சினியரிங் கடைசி வருஷம். என் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். என் ஃபீஸில் பாதி பேங்க் லோன், மீதி பாதி இந்த அண்ணன் அனுப்புவது. அதனால் நான் "விடுங்கண்ணே" என்றாலும் சரி, "விடாதீங்கண்ணே" என்றாலும் சரி, அதில் என் பங்கும் இருக்கிறது. பஞ்சாயத்து பண்ணப் போகிறவனே வரப்பு பக்கத்து நிலத்துக்காரன் என்றால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

சரி, பேசுவதற்கு முன்னாடி விஷயத்தைத் தெரிந்துகொள்வோம் என்று, இந்த ரூட்டில் போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன்.

முதலில் புரிந்தது, நம்ம ஊரில் இது ஒன்றும் புதுசு இல்லை. நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடித்து, அப்புறம்தான் சினிமாவுக்குப் போனார். அந்தக் காலத்தில் ரயில்வே வேலையை விடுவது என்றால் இன்றைக்கு அமெரிக்க வேலையை விடுவதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம்! அவரை வைத்து 'சர்வர் சுந்தரம்' எழுதிய கே.பாலச்சந்தர் பகலில் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். கிரேசி மோகன் கிண்டி இஞ்சினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் படித்தவர். சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தபடியே நாடகம் எழுதினார். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்', 1979-ல் சொந்தக் குழு, அதற்கப்புறம்தான் வேலையை விட்டு முழுநேர எழுத்து. எங்களுக்குப் பக்கத்தில் திருச்சியில் இஞ்சினியரிங் படித்த சிவகார்த்திகேயன் 'கலக்கப் போவது யாரு'வில் மிமிக்ரி பண்ணித்தான் வெளியே தெரிந்தார். 'பரிதாபங்கள்' கோபியும் சுதாகரும்கூட இஞ்சினியரிங் படித்தவர்கள்தான்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "நாகேஷ் ரயில்வேயை விட்டாரு பெரியப்பா" என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒரு பாயிண்ட்டைப் பிடித்தார் பாருங்கள்: "ரயில்வேயை விட்டா ரயில்ல ஏறக்கூடாதுன்னா சொன்னாங்க? இவன் வேலையை விட்டா அந்த ஊர்லயே இருக்க முடியாதாமே?"

ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன். ஏனென்றால் மொத்த மேட்டரும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நாகேஷும் கிரேசி மோகனும் பணயம் வைத்தது சம்பளத்தை. குடியேறிப் போனவன் பணயம் வைக்கிறது அவன் அங்கே இருக்கிற உரிமையையே. எச்-1பி விசா என்பது ஆளுக்குக் கொடுப்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு கம்பெனியின் ஒரு வேலைக்குக் கொடுப்பது. முதலில் மூணு வருஷம், நீட்டித்தால் ஆறு. கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் அதற்கு மேலும் நீட்டிக்கலாம். வேலை போய்விட்டால் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லை வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லை மூட்டை கட்ட வேண்டும். இந்த 60 நாள் சலுகையே 2017-ல் வந்ததுதான்.

இதில் இன்னொரு கூத்து. எச்-1பியில் இருப்பவர் மேடையேறி ஜோக் சொல்லலாம். அதற்குக் காசு வாங்கக்கூடாது! வாங்கினால் அது அனுமதி இல்லாத வேலை. எங்க அண்ணன் இத்தனை வருஷமாகத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலும் வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கிலீஷ் ஓப்பன் மைக்கிலும் பண்ணியது எல்லாம் இலவச சேவைதான். அங்கேயே பிறந்த ஒருத்தர் பகலில் காபி ஆற்றிவிட்டு, ராத்திரி இருபது டாலருக்கு மேடையேறி, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இந்தத் தொழிலுக்குள் வரலாம். இவருக்கு அந்தப் படிக்கட்டே கிடையாது. சாஃப்ட்வேர் மொட்டை மாடியில் இருந்து நேராகக் குதிக்க வேண்டும்.

கலைஞர்களுக்கு என்று ஓ-1 என்று ஒரு விசா இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது அசாத்தியத் திறமை உள்ளவர் என்று ஏற்கெனவே பேர் வாங்கியவர்களுக்கு. மேடை கிடைத்தால்தான் பேர், பேர் இருந்தால்தான் விசா, விசா இருந்தால்தான் மேடை. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் கதை :-)

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை. ஆனால் வேலை வழியாகக் கொடுக்கிற கிரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 சதவீதம்தான் என்று உச்சவரம்பு. மாலத்தீவுக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. எங்க அண்ணன் அந்த வரிசையில்தான் நிற்கிறார். வரிசை நகர்கிற வேகத்தைப் பார்த்தால் அவர் தாத்தா ஆன பிறகுதான் மேடையேறுவார் போல. இதற்கு நடுவே 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். ஏற்கெனவே விசா வைத்திருக்கிற அண்ணனுக்கு நேரடி பாதிப்பு இல்லை. ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டு, பிற்பாடு மறுபடி சாஃப்ட்வேர் வேலைக்கே போகலாம் என்று நினைத்தால் அந்தக் கதவு முன்பு போலத் திறந்து இருக்காது. பெரியம்மா அழுகையின் பாதிக் காரணம் அதுதான்.

சரி, குடியேறிப் போய் இப்படி மாறியவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை ரெண்டு பேர் கதை இதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது.

ஒருத்தர் நம்ம அலெக்சாண்டர் பாபு. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். இவரும் கிண்டி இஞ்சினியரிங் காலேஜ். அமெரிக்கா போய் சாஃப்ட்வேர் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து, பாட்டும் காமெடியும் கலந்து மேடையேறினார். 2019-ல் அமேசான் பிரைமில் வந்த 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' பார்த்திருப்பீர்கள். மனுஷன் ஆர்மோனியத்தோடு நின்று தமிழ் சினிமாவின் பின்னணிப் பாடகர்களைப் பற்றிப் பேசுகிறார், பாடுகிறார், சிரிக்க வைக்கிறார், நடுவில் கண் கலங்கவும் வைக்கிறார். எந்த அமெரிக்காவில் சாஃப்ட்வேர் ஆளாக இருந்தாரோ அங்கேயே பிறகு மேடைக்காரராகப் போய் நிகழ்ச்சி நடத்தினார்.

இன்னொருத்தர் ஜோ வாங். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, ஆராய்ச்சி வேலை பார்த்தவர். சாயங்காலம் ஸ்டாண்ட்-அப். 2009-ல் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் வந்தார். 2010-ல் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் விருந்தில், அப்போது துணை அதிபராக இருந்த ஜோ பைடனை உட்கார வைத்துக்கொண்டே கலாய்த்தார். அவ்வளவு தூரம் போனவர் பிறகு சீனாவுக்குப் போய் அரசுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். என்ன நிகழ்ச்சி தெரியுமா? ஊரில் உலவுகிற வதந்திகளைச் சோதனை பண்ணி உண்மையா பொய்யா என்று காட்டுவது. படித்த விஞ்ஞானம் வீணாகவில்லை பாருங்கள்.

ரெண்டு பேருமே சொந்த மொழிக்குத் திரும்பி வந்தார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல என் சொந்த ஜோக் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். (மொக்கையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

போன வருஷம் காலேஜ் விழாவில் சொன்னேன். "பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி எங்க அரியலூர்ல கடல் இருந்துச்சு. இப்ப இல்ல. அதுவும் வேலை தேடி வெளியூர் போயிருச்சு!" ஹால் அதிர்ந்தது. ஏனென்றால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் காரை பக்கத்துப் பள்ளங்களில் சுருள் சுருளான அம்மோனைட் கல்லைப் பொறுக்கி விளையாடியவர்கள். சாத்தனூர் கல்மரத்துக்கு ஸ்கூலில் டூர் போனவர்கள். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் எங்க அப்பா லாரியில் ஏற்றுகிறார், பெரியப்பா சிமென்ட் ஆக்கினார். எல்லார் வீட்டிலும் யாரோ ஒருத்தர் வெளியூரில். அவ்வளவு விஷயமும் ஏற்கெனவே அவர்கள் மண்டைக்குள் இருக்கிறது. நான் தீக்குச்சியை மட்டும்தான் கிழித்தேன்.

அடுத்த ஜோக்கும் அப்படித்தான். அரியலூர் 2001-ல் பெரம்பலூரை விட்டுத் தனிக்குடித்தனம் போனது, 2002-ல் திரும்பக் கூட்டுக்குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள், 2007-ல் மறுபடியும் தனிக்குடித்தனம். "மாமியாருக்கு மாமியார் பிரச்சினைன்னா பரவால்ல, இங்க கலெக்டருக்கு கலெக்டர்!" இதையே நான் சென்னையில் சொன்னால் முதலில் ரெண்டு மாவட்டமும் எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டும். டல்லாஸ் என்றால் மாவட்டம் என்றால் என்ன, தனிக்குடித்தனம் என்றால் என்ன என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் ஐந்து நிமிஷம் ஆகி, சிவப்பு விளக்கைக் காட்டி இறக்கி விட்டுவிடுவார்கள்.

அண்ணன் போனில் சொன்னதும் இதேதான். "தம்பி, அங்க என் நேரத்துல பாதி விளக்கம் சொல்றதுலயே போயிருதுடா. என்னைப் பார்த்ததும் அவங்க எதிர்பார்க்குறது இட்லி, சாமியார், என் இங்கிலீஷ் உச்சரிப்பு. இதை வெச்சு சிரிக்க வெக்கத் தெரியாம இல்ல. ஆனா நான் அது இல்லையே. எனக்கு பெரியநாகலூர் பஸ்ஸைப் பத்திப் பேசணும். எங்க அப்பா சட்டைல ஒட்டிக்கிட்டு வர்ற சிமென்ட் தூசியைப் பத்திப் பேசணும். துவைச்சாலும் போகாதுல்ல, அது."

இதைக் கேட்ட பிறகு அவரைத் தடுக்கிற எண்ணம் எனக்குப் போய்விட்டது. ஆனாலும் சில கேள்விகளைக் கேட்டேன். மனசில் வைத்துக்கொண்டு "சூப்பர்ணே" என்று சொல்வது நட்பு இல்லை.

ஒன்று, பணம். ஊர் வீட்டுக்குக் கட்டின கடன் இன்னும் பாக்கி. இங்கே ஸ்டாண்ட்-அப் என்றால் சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் டிக்கெட் போட்டு நடக்கும். கம்பெனி விழாக்களில் கூப்பிடுவார்கள். பெரம்பலூரில் டிக்கெட் வாங்கி ஜோக் கேட்கிற பழக்கம் வரவில்லை. இங்கே சிரிப்பு என்றால் கோயில் திருவிழா பட்டிமன்றம், அதற்குக் காசு கொடுப்பது விழாக் கமிட்டி. முதல் ரெண்டு வருஷம் வருமானம் வரலாம், வராமலும் போகலாம்.

ரெண்டு, பயம். அங்கே விசா என்றால் இங்கே வேற தொல்லை. முனாவர் ஃபரூக்கியை 2021 ஜனவரியில் இந்தூரில் கைது பண்ணி, ஒரு மாசத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் போய்த்தான் ஜாமீன் கிடைத்தது. ஊர் திரும்பினால் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்பது சரி. ஆனால் புரிகிறவர்களுக்குத்தான் கோபமும் வரும்.

மூணு, என் ஃபீஸ். இதையும் கேட்டுவிட்டேன். கேட்க ஒரு மாதிரி இருந்தது, இருந்தாலும் கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. (சாஃப்ட்வேர்காரன் காமெடிக்குப் போனாலும் எக்செல் அவனை விடாது போல.) வீட்டுக் கடன் முடிய இன்னும் பதினாலு மாசம். என் கடைசி செமஸ்டர் அதற்குள் வந்துவிடுகிறது. ரெண்டு வருஷச் சாப்பாட்டுக்கும் சென்னை வாடகைக்கும் தனியாக ஒரு தொகை. அது சேர்ந்தால்தான் ராஜினாமா, சேராவிட்டால் இன்னும் ஆறு மாசம். அதுவரை ராத்திரியில் தமிழில் எழுதி, லீவுக்கு வரும்போது இங்கே மேடையேறிப் பார்ப்பது. கிரேசி மோகன் கணக்குதான், நடுவில் ஒரு சமுத்திரம் இருப்பது மட்டும் வித்தியாசம்.

அந்த ஷீட்டின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "தம்பி எஜுகேஷன் லோன்: அவன் கட்டுவான்." அதாவது என் ஃபீஸை முடித்துக் கொடுப்பார். பேங்க் லோன் என் பாடு. அப்படியென்றால் நான் முதலில் வேலைக்குப் போயாக வேண்டும். மேடை ஆசை எனக்கும் உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வரியை ரெண்டு பேருமே சத்தமாகப் படிக்கவில்லை.

நண்பர்களே, இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், இந்த மாதிரிக் கதைகளைக் கேட்கும்போது நாம் "தைரியசாலிப்பா, தூக்கிப் போட்டுட்டு வந்துட்டான்" என்றுதான் பேசுகிறோம். தைரியம் வேண்டும்தான். ஆனால் அதைவிட ஒரு வரிசை வேண்டும். எந்தக் கடன் முதலில், எந்தக் கதவு மூடினால் திரும்பத் திறக்காது, யாருடைய ஃபீஸ் எந்த மாசம் முடிகிறது என்கிற வரிசை. உள்ளூரில் இருப்பவனுக்கு அந்த வரிசை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. குடியேறிப் போனவனுக்கு ஒரு வரி தப்பினால் 60 நாள்தான். அதனால் அவன் பொட்டி தட்டிய வருஷங்களை வீண் என்று சொல்லாதீர்கள். அந்த வருஷங்கள்தான் அவனுக்கு இந்த ரெண்டு வருஷத்தை வாங்கிக் கொடுக்கிறது.

பெரியப்பா விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து அலெக்ஸ் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினேன். முதல் அரை மணி நேரம் முகத்தில் ஈ ஆடவில்லை. டி.எம்.எஸ். பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் ரெண்டு இடத்தில் சத்தமாகவே சிரித்தார், பெரியம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஹால்ல எத்தனை பேர் இருப்பாங்க? டிக்கெட் என்ன விலை?"

சொன்னேன். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். ஷிப்டுக்கு எத்தனை மூட்டை என்று முப்பது வருஷம் கணக்குப் போட்டவர்.

"ஹால் வாடகை போகணும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சம்மதம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கஸ் என்கிற வார்த்தை அன்றையிலிருந்து எங்க வீட்டில் கேட்கவில்லை.